கெர்னல் பேனிக் வந்ததும் வன்தட்டை அழித்துவிடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் எங்கள் கடைக்கு உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்ட மடிக்கணினியோடு வரும் மாணவர்கள் பலர், "அண்ணா, வன்தட்டு போய்விட்டது, ஃபோர்மட் செய்து தாருங்கள்" என்கிறார்கள். திரையில் இருப்பதோ கெர்னல் பேனிக் செய்தி; அதாவது, இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னல் மேலே செல்ல முடியாமல் நின்றுவிட்டது. அது பெரும்பாலும் "அன்நோன் பிளாக் (0,0)" என்று முடிந்திருக்கும். அந்த இரண்டு சுழியங்களும் வன்தட்டு பழுது என்று சொல்லவில்லை. தான் தொடங்கவேண்டிய தட்டு எது என்பதே கெர்னலுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நினைவகத்தில் தன் இடம் எது என்பதில் கெர்னலுக்குக் குழப்பம் இல்லை. கெர்னலை உருவாக்கும்போதே அதன் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய முகவரியை லிங்கர் என்ற நிரல் எழுதிவிடுகிறது. தாக்குபவர்கள் அந்த இடத்தை ஊகிக்காதிருக்க, ஒவ்வொரு தொடக்கத்திலும் அதை மாற்றிவைக்கும் முறை 2017இல் வந்த லினக்ஸ் கெர்னல் 4.12 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. இடம் மாறினால் கெர்னல் தன் முகவரிகளைத் தானே திருத்திக்கொள்ளும்.

சிக்கல் வருவது இங்கேயல்ல. கணினி தொடங்கியதும் கிரப் என்ற தொடக்க நிரல் இரண்டு கோப்புகளை நினைவகத்தில் ஏற்றுகிறது: ஒன்று சுருக்கிய கெர்னல், மற்றது தொடக்கத்துக்கு வேண்டிய துணை நிரல்கள் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ். கெர்னல் தன்னை விரித்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும். ஆனால் உங்கள் கோப்புகள் உள்ள பகிர்வை (வன்தட்டில் பிரித்துவைத்த பகுதியை) தேடிப் பிடிக்கும் நிரல்கள் இரண்டாவது கோப்பில்தான் உள்ளன. இற்றைப்படுத்தும்போது மின்சாரம் நின்றாலோ, இந்தக் கோப்புகளை வைக்கும் பூட் பகிர்வு நிரம்பியிருந்தாலோ அந்தக் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். அப்போது கெர்னலால் தட்டைக் கண்டுபிடிக்க முடியாது; பேனிக் செய்தி வருகிறது. வன்தட்டைக் குறியாக்கம் செய்து உபுண்டு நிறுவியவர்களுக்கு பூட் தனியான, சிறிய பகிர்வு; பழைய கெர்னல்கள் சேரச் சேர அது நிரம்பும்.

இதற்காக ஓர் ஆய்வேட்டின் தரவுகள் முழுவதையும் அழிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. தொடங்கும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்தி கிரப் பட்டியலை வரவழையுங்கள். அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் என்பதற்குள் முந்தைய கெர்னல் இருக்கும். அதைத் தெரிவுசெய்தால் பெரும்பாலும் கணினி வழமைபோல் திறக்கும். பிறகு தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்கி இடம் எடுத்து, புதிய கெர்னலுக்குரிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை மீண்டும் உருவாக்கினால் போதும்.

முந்தைய கெர்னலும் திறக்கவில்லையா? யூஎஸ்பியிலிருந்து உபுண்டுவை ஓடவிட்டு, முதலில் கோப்புகளைப் பிரதியெடுங்கள். கடைக்குக் கொடுப்பதானாலும் அதைத்தான் முதலில் கேளுங்கள். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸிலேயே வன்தட்டின் பெயர் தெரியாவிட்டாலோ, உள்ளிருந்து "டக் டக்" சத்தம் கேட்டாலோ, அது வேறு நோய். உடனே கணினியை நிறுத்தி, தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.