நீர்ம வெடிபொருள்: திரவமா, நீர்மமா, குண்டா, மருந்தா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில், அம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டிலைச் சோதனையில் எடுத்து வைத்துவிட்டார்கள். "இதுவும் லிக்விட்தான்" என்றார் அங்கிருந்தவர். எண்ணெய் மேலே மிதக்க, பாட்டிலைக் கவிழ்த்தாலும் அசையாத பதத்தில் இருந்தது அது. எது லிக்விட், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அன்றைக்குத் தொடங்கிய யோசனை இது.

விமானத்தில் கைப்பையில் லிக்விட் எடுத்துச் செல்வதைக் கட்டுப்படுத்தும் அந்த விதிக்குக் காரணம், தமிழில் திரவ வெடிகுண்டு, திரவ வெடிமருந்து, நீர்ம வெடிபொருள் என்று பலவாறாக எழுதப்படும் ஒன்று. 2006 ஆகஸ்ட் 10 அன்று, லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் விமானங்களை நடுவானில் தகர்க்கத் திட்டமிட்டதாகப் பலரை பிரிட்டன் போலீஸ் கைது செய்தது. குளிர்பான பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையை நிரப்பி எடுத்துச் செல்வதுதான் திட்டம். அன்றைய எக்ஸ்ரே கருவிகளுக்கு அதற்கும் சாதாரணக் குளிர்பானத்துக்கும் வேறுபாடு தெரியாது. அந்த நாட்களில் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் புட்டிப்பாலைத் தாங்களே குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. நவம்பரில் ஐரோப்பாவில், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கொள்ளும் பாட்டில் கூடாது என்ற 100 மில்லி விதி நிலைபெற்றது. அளவு பாட்டிலுக்குத்தான், உள்ளே இருப்பதற்கு அல்ல. அதனால்தான் பல விமான நிலையங்களில் 200 மில்லி டியூபின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் பற்பசையும் குப்பைத்தொட்டிக்குப் போகிறது.

ஆபத்து 2006-இல் புதிதாக முளைத்ததல்ல. 1987 நவம்பரில் அந்தமான் கடலுக்கு மேல் வெடித்துச் சிதறிய கொரியன் ஏர் 858 விமானத்தில், மதுபுட்டியில் நீர்ம வெடிபொருள் வைக்கப்பட்டிருந்தது. 115 பேர் இறந்தார்கள்.

இனி சொல்லுக்கு வருவோம். திரவம் வடமொழிச் சொல். ஓடுவது, உருகுவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. நீர்மம் அண்மைக்கால ஆக்கம் என்றாலும் அதன் வேர் பழையது. நீர்மை என்றால் நீரின் தன்மை. அந்தத் தன்மை உள்ளது நீர்மம். திண்மம், நீர்மம், வளிமம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். இலங்கைப் பாடநூல்களில் திண்மத்தோடு திரவம் என்றே வழங்குகிறது. அதுவும் பிழையில்லை. என் விருப்பம் நீர்மம்தான்.

வெடி என்பதற்கு நம் மொழியில் முதன்மையான பொருள் பிளத்தல். வயல் வெடிக்கிறது, பருத்தி வெடிக்கிறது, குதிகாலில் வெடிப்பு வருகிறது. சத்தமும் நெருப்பும் அப்புறம் வந்து சேர்ந்தவை. எக்ஸ்ப்ளோட் என்ற ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. அதன் லத்தீன் மூலத்துக்கு, பிடிக்காத நடிகரைக் கைதட்டி மேடையிலிருந்து விரட்டுதல் என்று பொருள். அங்கே ஓசையிலிருந்து பிறந்தது, இங்கே பிளவிலிருந்து பிறந்தது.

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். 'வெடிப்பொருள்' என்று ஒற்று மிகுத்து எழுதுவது தவறு. வெடித்த பொருள், வெடிக்கிற பொருள், வெடிக்கும் பொருள் என்று மூன்று காலத்துக்கும் விரிவதால் இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல இதிலும் வல்லினம் மிகாது. வெடிபொருள் என்பதே சரி.

வெடிகுண்டு என்பதும் வினைத்தொகைதான், ஆனால் பொருள் வேறு. குண்டு என்பது செய்து முடித்த கருவி. பாட்டிலில் இருக்கும் கலவை வெறும் பொருள். அதைத் தூண்டும் அமைப்பும் சேர்ந்தால்தான் குண்டு. ஆகவே கலவையைக் குறிக்கும் இடத்தில் 'திரவ வெடிகுண்டு' பொருந்தாது.

வெடிமருந்து என்ற சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை. சிவகாசிப் பக்கம் பட்டாசுக்குள் செலுத்தும் கலவையை மருந்து என்றே சொல்வார்கள். சீன மொழியிலும் வெடிமருந்தின் பெயருக்கு 'நெருப்பு மருந்து' என்றுதான் பொருள். நீர்ம வெடிபொருள்களில் பேர்பெற்ற நைட்ரோகிளிசரின் உண்மையிலேயே மருந்தும்கூட. 1847-இல் இத்தாலியர் அஸ்கானியோ சொப்ரேரோ உருவாக்கியது அது. 1864-இல் ஸ்டாக்ஹோமில் அது வெடித்ததில் ஆல்பிரட் நோபல் தம்பி எமிலை இழந்தார். பிறகு அதை ஒருவகை மண்ணில் ஊற வைத்து டைனமைட் செய்தார். 1896-இல் நோபலின் இதய நோய்க்கு மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினையே எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரரும் மக்களும் மிரளக்கூடாது என்று டிரைநைட்ரின் எனப் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள் என்று அவரே கடிதத்தில் எழுதினார். இன்றும் நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைகளில் ஒன்று அது.

ஆனால் விமான நிலையப் பலகையில் அந்தச் சொல் வேண்டாம். பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு 100 மில்லி விதியிலிருந்து விலக்கு உண்டு. மருந்து அனுமதி, வெடிமருந்து தடை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், அவசரத்தில் படிக்கும் முதியவர் குழம்பிப் போவார். அங்கே நீர்ம வெடிபொருள் என்பதே தெளிவு.

சரி, புளிக்காய்ச்சல்? விதி நீர்மத்தோடு தெளிப்பான்களையும் ஜெல்லையும் சேர்த்தே சொல்கிறது. ஜெல்லுக்குக் கூழ்மம் என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் அது, நுண்துகள்கள் கரையாமல் பரவி நிற்கும் கலவையான கொலாய்டுக்குப் போய்விட்ட சொல். சங்கப் பாடல்களில் நெய், வெண்ணெய் என்ற பொருளில் இழுது என்று ஒரு சொல் வருகிறது. ஓடவும் செய்யாமல், கட்டியாக நிற்கவும் செய்யாமல் வழுக்கும் பதம். ஜெல்லுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. அப்படிப் பார்த்தால் அம்மாவின் புளிக்காய்ச்சல் நீர்மம் இல்லை, இழுது.