அமெரிக்கப் பழங்குடி ரிசர்வேஷன் எல்லைக்குள் சொத்து வாங்கப்போகிறீர்களா?

அமெரிக்காவில் நிலப் பத்திரங்களையும் சுரங்கம், தண்ணீர் சம்பந்தமான அனுமதிகளையும் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. ஓக்லஹோமாவில் சொத்து வைத்திருக்கும் நம்மவர்கள் இன்றும் கேட்கிறார்கள்: "தீர்ப்பு வந்துவிட்டதே, என் வீடு பழங்குடியினர் கைக்குப் போய்விடுமா?" போகாது. 2020 ஜூலையில் மெக்கர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: மஸ்கோகி க்ரீக் பழங்குடி மக்களின் ரிசர்வேஷனை, அதாவது அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலப்பரப்பை, நாடாளுமன்றம் எந்தக் காலத்திலும் கலைக்கவில்லை, ஆகவே டல்சா நகரத்தின் பெரும்பகுதியையும் உள்ளடக்கிய அந்த எல்லை இன்றும் செல்லும். உங்கள் பத்திரம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

எல்லை வேறு, உடைமை வேறு: அங்கே யார் அதிகாரம் செல்லும் என்பதைச் சொல்வது எல்லை, நிலம் யாருடையது என்பதைச் சொல்வது பத்திரம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் பிற்பாடு என் போன்றவர்களுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

நிலக்கரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1977ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், ரிசர்வேஷன் எல்லைக்குள் இருக்கும் எல்லா நிலத்தையும், தனியாருக்குப் போய்விட்ட நிலம் உட்பட, பழங்குடி நிலமாகவே கணக்கில் வைக்கிறது. அதனால் 2021இல் அங்கே சுரங்கங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்குக் கிடையாது என்று கூட்டாட்சி அரசு சொல்லிவிட, மாநிலம் வழக்குக்குப் போனது. காற்று, தண்ணீர் மாசு விஷயத்திலோ 2005ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தில் யாரோ சொருகிவைத்த ஒரு பிரிவைக் காட்டி ஆளுநர் கேட்டார், 2020 அக்டோபரில் அதிகாரம் மாநிலத்துக்கே கிடைத்தது. ஒரே எல்லைதான், பொருளுக்குப் பொருள் ஆள்பவர் வேறு.

எல்லைக்குள் இருக்கும் நிலமும் ஒரே ரகம் இல்லை. 1887 டாஸ் சட்டம் பழங்குடி நிலத்தைத் துண்டு போட்டுப் பிரித்ததில், 1934க்குள் சுமார் 9 கோடி ஏக்கர் அவர்கள் கையை விட்டுப் போனது. மிச்சம் இருப்பதில், பழங்குடியினருக்காகக் கூட்டாட்சி அரசு டிரஸ்டில் (தன் பொறுப்பில்) வைத்திருக்கும் மனைக்குப் பக்கத்திலேயே வெளியாள் விலைக்கு வாங்கிய மனை இருக்கும். முதல் வகையைக் கூட்டாட்சி அரசின் உள்துறை ஒப்புதல் இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. இரண்டாவதில் வெளியாளைக் கட்டுப்படுத்தும் பழங்குடி அரசின் அதிகாரம் 1981 மொன்டானா தீர்ப்புக்கு அப்புறம் மிகவும் குறுகிவிட்டது.

தலைகீழாகவும் நடக்கும். ஓக்லஹோமாவின் இன்னொரு பழங்குடியான ஓசேஜ் மக்களின் ரிசர்வேஷன் இப்போது இல்லை என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் 1906இல் மேல்நிலத்தைப் பங்கிட்டபோது கனிமத்தை மட்டும் பிரிக்காமல் சமூகத்தின் பெயரிலேயே வைத்திருந்தார்கள். அங்கே மேல்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஒரு காற்றாலை நிறுவனம், அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பாறையை உடைத்து அதே குழிகளை நிரப்பப் பயன்படுத்தியது. அதுவே சுரங்க வேலைதான், கனிம லீஸ் வாங்கியிருக்க வேண்டும் என்றது 2017 தீர்ப்பு. 2023 டிசம்பரில் 84 காற்றாலைகளையும் அகற்றச் சொல்லி உத்தரவே வந்தது!

தண்ணீரில் இன்னும் பழைய கணக்கு. ரிசர்வேஷன் உருவான நாளிலேயே அதற்குத் தேவையான தண்ணீரின் மீதும் உரிமை வந்துவிட்டது, பயன்படுத்தாமல் விட்டாலும் போகாது என்கிறது 1908 வின்டர்ஸ் வழக்கிலிருந்து வளர்ந்த சட்டம். தரத்திலும் கை நீளும்: நியூ மெக்சிகோவின் இஸ்லெட்டா புவெப்லோ என்ற பழங்குடிச் சமூகம் வகுத்த கடுமையான தரத்துக்கு ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் ஆல்புகெர்க்கி நகரமும் கட்டுப்பட வேண்டும் என 1996இல் தீர்ப்பானது.

ஆகவே கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலக வில்லங்கத்தோடு நிறுத்தாதீர்கள். டிரஸ்ட் நிலத்தின் பதிவுகள் பழங்குடி விவகாரத் துறையின் தனி அலுவலகத்தில் இருக்கின்றன, அங்கேயும் கேளுங்கள். கனிமம் யார் பெயரில் என்று தனியாகக் கேளுங்கள், தண்ணீர் உரிமையின் தேதியையும் கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்.