கடலுக்கு ஏது வீக்கம்?

தம்பி மகன் ஆடி மாதத்தில் நண்பர்களோடு இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போயிருந்தான். பொத்துவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அறுகம் குடா அலைச்சறுக்குக்காரர்களுக்குக் காசி மாதிரி. போய் இறங்கிய அன்றே கைபேசியில் ஒரு படம் அனுப்பினான். அலை முன்னறிவிப்புப் பக்கம் ஒன்றைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்திருக்கிறான். "வரும் இரண்டு வாரங்களில் அறுகம் விரிகுடா புள்ளி இடைவேளையில் தெற்கு வீக்கம் அதிகரிக்கும். காலம் 14 விநாடி. காற்று கடல் கடந்தது." அதன் கீழே அவனுடைய கேள்வி: "பெரியப்பா, வீக்கத்துக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது?"

சிரித்து முடித்த பிறகு எரிச்சல் வந்தது. இயந்திரம் ஆடிய கூத்து என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கடலலையைச் சொல்லும் 'ஸ்வெல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வீக்கம் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நம்மவர்களே. 'கடல் வீக்கம்', 'அலை வீக்கம்', 'வீங்கலை' என்று மெய்ப்புப் படிகளில் நானே பார்த்துத் திருத்தியிருக்கிறேன். நான் திருத்தியதை மறுபடியும் வீங்கவைத்து அச்சிட்டவர்களும் உண்டு.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். காற்று அடிக்கும் இடத்திலேயே எழும்பி, அந்தக் காற்று ஓய்ந்ததும் தானும் அடங்கும் அலை ஒரு வகை. குட்டையாக, தாறுமாறாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். இன்னொரு வகை, எங்கோ வீசிய புயலில் பிறந்து, அந்தப் புயலை விட்டுப் பிரிந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தானாகவே பயணம் செய்து வருவது. வரும் வழியிலேயே குட்டை அலைகள் பின்தங்கி மாய்ந்துவிடும். நெடிய அலைகள் மட்டும் சீரான இடைவெளியில் வந்து சேரும். ஸ்வெல் என்பது இந்த இரண்டாவது வகை.

அறுகம் குடாவுக்குச் சித்திரை, வைகாசி முதல் ஐப்பசி வரை வரும் அலைகள் அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடல் புயல்களில் பிறந்தவை. தொலைவு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். அலைக்கு அலை 15 விநாடி இடைவெளி இருந்தால், ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே 350 மீட்டர் இருக்கும். அலைக்கூட்டம் மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பாசஞ்சர் ரயில் வேகம்தான். ஆறு நாளில் வந்து சேர்ந்துவிடும். வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1963இல் நியூசிலாந்துக்குத் தெற்கே பிறந்த அலைகளை அலாஸ்கா வரை, 10,000 கிலோமீட்டருக்கு மேல், அளவுகருவிகள் வைத்துப் பின்தொடர்ந்து காட்டினார்.

ஒரு வாரத்துக்கு முன்னறிவிப்புச் சொல்ல முடிவதும் இதனால்தான். அலை ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. எப்போது வந்து சேரும் என்பதுதான் கணக்கு. 'வரும் இரண்டு வாரங்கள்' என்று எவராவது அடித்துச் சொன்னால் இரண்டாவது வாரத்தை நம்பாதீர்கள். அந்த அலையைப் பெற வேண்டிய புயலே இன்னும் பிறந்திருக்காது.

சொல் வரலாறு அதிகமில்லை. ஆங்கிலத்தில் ஸ்வெல் என்பது 'பருத்தல், வீங்குதல்' என்ற பழைய ஜெர்மானிய வினை. கப்பல் தளத்தில் நின்றவன் கண்ணுக்குக் கடல்பரப்பு ஏறி இறங்கியது, பெயர் வைத்துவிட்டான். ஸ்பானியர்கள் இதையே 'மார் டி ஃபோண்டோ', அதாவது அடியிலிருந்து வரும் கடல் என்கிறார்கள். ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். கரையில் வந்து உடையும் அலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சர்ஃப்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் அது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலில் இந்தியக் கரையைப் பற்றிய எழுத்துகளில்தான் தென்படுகிறது. இந்திய மொழி ஒன்றிலிருந்து போயிருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் ஐயப்படுகிறார்கள். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகில் ஏறிக் கரையலையைத் தாண்டி வந்த வெள்ளைக்காரர்கள் அந்த அனுபவத்தை எழுதித் தீர்த்திருக்கிறார்கள். நம் கரையில் நனைந்து பெற்ற சொல்லை இன்று நாமே 'உலாவல்' என்று மொழிபெயர்க்கிறோம், இணையத்தில் உலாவுவதைப் போல.

வீக்கத்துக்கு வருகிறேன். இயந்திரத்தோடு சண்டை போட முடியாது. 'வீங்கலை'யை விடாமல் பிடித்திருக்கும் நண்பர் ஒருவரோடு போடலாம். கலைச்சொல் குழுக்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருடைய வாதங்கள் மூன்று.

சொல் சிறியது, நாவில் நிற்கும் என்பது முதல் வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீங்கலை என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'வீங்கவில்லை' என்பதன் பேச்சு வடிவம் அப்படியே காதில் விழுகிறது. கால் வீங்கலை, கை வீங்கலை, கடலும் வீங்கலை. எச்சரிக்கைச் செய்தியை வானொலியில் கேட்கும் மீனவர் 'வீங்கலை வருகிறது' என்பதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று நண்பரிடம் கேட்டேன். வானொலி அறிவிப்பாளர் ஒழுங்காக உச்சரிக்க வேண்டும் என்றார். சொல்லை ஆக்கியவரின் குறையை உச்சரிப்பவர் தலையில் கட்டுவது குழுக்களின் பழைய வழக்கம்.

பணவீக்கத்தை ஏற்றுக்கொண்ட நாம் அலைவீக்கத்தை ஏற்கக் கூடாதா என்பது இரண்டாவது. பணவீக்கத்தில் உண்மையாகவே ஒன்று பருக்கிறது. புழங்கும் பணம் மிகுகிறது. அங்கே உவமை பொருளோடு ஒட்டுகிறது. ஆழ்கடலில் இந்த அலை வரும்போது எதுவும் பருப்பதில்லை. முகடு ஏறிய அளவுக்கு அகடு இறங்குகிறது, தண்ணீர் இருந்த இடத்துக்கே திரும்புகிறது. படகில் இருப்பவர் ஒரு தூக்கு, ஒரு தாழ்வு உணர்வார். தமிழில் வீக்கம் என்றால் அடிபட்டது, நீர் கோத்தது, வலிப்பது. பற்று போட்டால் வடிய வேண்டியது. வீக்கம் வடியட்டும் என்று காத்திருப்பது நம் வழக்கம். அறுகம் குடாவில் அது வர வேண்டும் என்றல்லவா ஐரோப்பாவிலிருந்து பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்!

மூன்றாவது வாதம்தான் உறைக்கக்கூடியது. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்திலேயே 'வீங்குநீர் வேலி உலகிற்கு' என்று வருகிறதே என்றார். உண்மை. அங்கே வீங்குதல் நோயன்று, மிகுதி. கடல் என்னும் பெருநீர் உலகுக்கு வேலியாக நிற்கிறது. ஆனால் அது முழுக் கடலுக்கும் உரிய அடை. வேலி ஓரிடத்தில் நிற்பது. நம் அலையோ நடப்பது. இளங்கோவடிகள் வேலிக்குச் சொன்னதை எடுத்து வழிப்போக்கனுக்குச் சூட்டக் கூடாது. தவிரவும், ஒரு பழஞ்சொல் இலக்கியத்தில் இருக்கிறது என்பதாலேயே இன்றைக்கு அதே பொருள் தரும் என்றால் நாற்றத்தை நறுமணம் என்ற பொருளில் சோப்பு விளம்பரத்தில் போடலாமே. அதற்கு நண்பர் பதில் சொல்லவில்லை. காப்பி ஆறிவிட்டது என்றார்.

அப்படியானால் என்ன சொல்வது? நான் வைக்கும் சொல் 'அலைவரத்து'.

கர்நாடகத்தில் மழை பெய்தால் மேட்டூரில் நீர்வரத்து கூடுகிறது. நாளிதழில் அன்றாடம் படிக்கிறோம், எவரும் அருஞ்சொற்பொருள் கேட்பதில்லை. மேட்டூரில் வானம் வெளுத்திருக்கும், ஆனாலும் வரத்து உண்டு. கோயம்பேட்டில் காய்கறி வரத்து குறைந்தால் விலை ஏறுகிறது. ஏரிக்கு வரத்துக்கால் இருக்கிறது. வரத்து என்றாலே வேறிடத்தில் விளைந்தது, வழி கடந்து, இங்கே வந்து சேர்வது. ஸ்வெல்லின் உயிர் இதில்தான் இருக்கிறது. கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதைவிட எங்கிருந்து வருகிறது என்பதுதான் அதை மற்ற அலையிலிருந்து பிரிக்கிறது. ஒற்றை அலையைச் சொல்ல 'வரத்தலை'. அங்கேயே எழுவதற்குக் 'காற்றலை'. நண்பர் விடவில்லை: எல்லா அலையும் வரத்தானே செய்கிறது? எல்லாத் தண்ணீரும்தான் அணைக்கு வருகிறது, அணைக்கு மேலேயே பெய்த மழையை எவராவது நீர்வரத்து என்கிறாரா என்றேன்.

இது சறுக்கு விளையாட்டுக்காரர்களின் சிக்கல் மட்டுமன்று. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளுக்கு எச்சரிக்கை விடுகிறது. அது தமிழ்ச் செய்தியாகும்போது 'கடல் சீற்றம்', 'கடல் கொந்தளிப்பு' என்றாகிவிடுகிறது. சீற்றம் என்று கேட்டவர் வானத்தைத்தான் பார்ப்பார். மேகம் இல்லை, காற்று இல்லை, கடலும் பத்து நிமிடம் சாதுவாகக் கிடக்கிறது. சரி, பொய் எச்சரிக்கை என்று முடிவு கட்டுவார். வரத்தலை கூட்டம் கூட்டமாக வரும். இரண்டு கூட்டத்துக்கு நடுவே உள்ள அமைதிதான் ஆளை ஏமாற்றுவது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரத்தை ஒட்டிய லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. அந்த நாள்களில் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. சொல் சரியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அவர்களை இழந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். சீறாத கடலைச் சீற்றம் என்று எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

மலையாளக் கரை மீனவர்களின் 'கள்ளக்கடல்' அருமையான சொல். காற்றும் மழையும் இல்லாமல் திருடனைப் போல வந்து ஊருக்குள் ஏறும் கடல். 2012இல் யுனெஸ்கோவே அதை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. நமக்கும் அது அயல் சொல்லன்று. ஆனால் அது வரத்தலையால் கரை மூழ்குவதற்குப் பெயர். வரத்தலை எல்லாம் கள்ளக்கடலாகாது. அறுகம் குடாவின் நான்கடி அலையைக் கள்ளக்கடல் என்றால் அலைச்சறுக்குக்காரர்கள் எல்லோரும் கள்ளருக்குக் கூட்டாளிகள் ஆகிவிடுவார்கள்.

இனி அந்த 'இடைவேளை'. ஆங்கிலத்தில் 'பிரேக்' எனப்படும், அலை உடையும் இடத்தைத்தான் இயந்திரம் சினிமா இடைவேளையாக்கிவிட்டது. மனித மொழிபெயர்ப்பாளர்கள் சற்று முன்னேறி 'முறிவு' என்கிறார்கள். எலும்பு மருத்துவமனை வாடை இன்னும் போகவில்லை. இதற்குச் சொல் ஆக்கவே வேண்டாம். திருச்செந்தூரின் பழைய பெயர் சீரலைவாய். குமரிக் கரையில் அலைவாய்க்கரை என்பது இன்றும் வாழும் சொல். அலை வாய் திறக்கும் இடம் அலைவாய். மணலில் உடைந்தால் மணல் அலைவாய், கடலடிப் பாறையில் உடைந்தால் பார் அலைவாய். அறுகம் குடாவில் இருப்பது முனை அலைவாய்: தெற்கிலிருந்து வரும் அலை நிலமுனையைச் சுற்றி வளைந்து, ஆழம் ஏறக்குறைய தன் உயரத்தளவுக்குக் குறையும் இடத்தில் ஒரு நுனியிலிருந்து சுருண்டு விழுந்துகொண்டே போகும். இவ்வளவையும் 'புள்ளி' என்று எழுதிவிட்டுப் போக எப்படித்தான் கை வருகிறதோ.

ஊர்ப்பெயர்களையும் விட்டுவைக்கவில்லை. 'ஒகண்டா' என்று ஓர் அலைவாய் அந்த முன்னறிவிப்புப் பக்கத்தின் பட்டியலில் இருக்கிறது. கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் காட்டுக்குள் நுழையுமுன் தங்கும் உகந்தை முருகன் கோயில் இருக்கும் ஊர்தான் அது. ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பிய உகந்தைக்குத் தன் பெயரே மறந்துவிட்டது. 'பீனட் ஃபார்ம்' என்று வெள்ளைக்காரர்கள் பெயரிட்ட இடம் 'வேர்க்கடலைப் பண்ணை' ஆகியிருக்கிறது. இலங்கையில் வேர்க்கடலைக்குக் கச்சான் என்று பெயர். அதே கிழக்குக் கரையில், மேற்கு மலைகளைத் தாண்டி வறண்டு வீசும் காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். தரையிலிருந்து கடலை நோக்கி அடித்து, எதிரே வரும் அலையின் முகத்தை நீவி நிமிர்த்தி வைப்பது அந்தக் காற்றுதான். ஆங்கிலத்தில் 'ஆஃப்ஷோர்' என்பார்கள்; 'காற்று கடல் கடந்தது' என்று இயந்திரம் உளறியது இதைத்தான்.

'ஸ்வெல்' என்றே எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குப் பழகும் பிள்ளைகள் அப்படித்தான் பேசுகிறார்கள், பேசட்டும். பஸ்ஸை நான் பேருந்தாக்கச் சொல்பவன் அல்லன். ஆனால் எச்சரிக்கைப் பலகையில் எழுத அது உதவாது. அங்கே நின்று படிப்பவர் சறுக்குப் பலகையோடு வந்தவர் அல்லர்.

அன்று மாலையே தம்பி மகனுக்கு முன்னறிவிப்பைத் திருத்தி அனுப்பினேன். "அறுகம் குடா முனை அலைவாயில் இந்த வாரம் தெற்கிலிருந்து அலைவரத்து கூடும். அலைக்கு அலை 14 விநாடி. காலையில் கச்சான் வீசும்." மறுநாள் விடிந்ததும் பதில் வந்தது. "பெரியப்பா, வரத்து நாளைக்குத்தானாம். இப்போதைக்குக் கச்சான் மட்டும் கிடைத்தது, ஒரு பொட்டலம் ஐம்பது ரூபாய்."