முறைப்பாடு என்றால் பெட்டிசம் இல்லை

கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். 'இரண்டு வருட முழு உத்தரவாதம்' என்று அதில் பெரிய எழுத்து. அதை நம்பி அயல்வீட்டு அண்ணை மிளகாய்த் தோட்டத்துக்கு இறைக்க ஒரு தண்ணீர்ப் பம்ப் வாங்கினார். ஆறாம் கிழமை அது நின்றுவிட்டது. கொண்டுபோனால், உத்தரவாதம் மோட்டருக்கு இல்லையாம். முறைப்பாடு கொடுங்கோ என்றேன். "விடு தம்பி, உதுக்கெல்லாம் பெட்டிசம் எழுதிக்கொண்டு திரியேலாது" என்றார்.

வன்னியில் பலர் வாய் திறக்காமல் ஏமாறுவதற்கு இந்தச் சொற்குழப்பமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பெட்டிசம், ஆங்கிலப் பெட்டிஷன் எங்கள் வாயில் திரிந்த வடிவம். அங்கே அதற்கு மனு என்றுதான் பொருள். இங்கே அது, பெயர் போடாமல் ஒருவரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதும் கடிதம் என்றாகிவிட்டது. அதனால்தான் மானமுள்ளவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டாலே பின்வாங்குகிறார்கள்.

முறைப்பாடு வேறு. 'முறை' என்றால் ஒழுங்கு, நீதி. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்கிற குறளில் (388) வருவது இந்த முறைதான். 'பாடு', படு என்ற வினை நீண்டு வந்தது. கட்டுப்பாடு, வேறுபாடு போல. நீதி கேட்டு முன்னால் வந்து நிற்பதுதான் முறைப்பாடு. அநுராதபுரத்தில் இருந்து ஆண்ட எல்லாளன், நீதி வேண்டுவோர் அடிக்கட்டும் என்று மணி கட்டியிருந்ததை மகாவம்சமே சொல்கிறது. அந்த மணியை ஒளிந்திருந்து அடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் இதற்குப் புகார் என்பார்கள். அது கூப்பிடுதல், கூக்குரல் என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லில் இருந்து வந்தது. ஆற்றுமுகத்தைக் குறிக்கும் பழைய தமிழ்ப் புகாருக்கும் இதற்கும் உறவில்லை. நல்ல தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டாம், எங்கள் பொலிஸ் நிலையத்திலேயே அது புழங்குகிறது.

சரி, விளம்பரம் பொய் என்றால் யாரிடம் முறைப்பாடு செய்வது? இந்தியாவில் விளம்பரத் துறையினரே 1985இல் தங்களுக்கென ஒரு தர அமைப்பை வைத்துக்கொண்டார்கள். இலங்கையில் சட்டமே கைகொடுக்கிறது: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதன் 30ஆம் பிரிவு, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் எந்த நடத்தையையும் வியாபாரிக்குத் தடுக்கிறது. தரம், வகை பற்றிப் பொய் சொல்வதை 31ஆம் பிரிவு பார்த்துக்கொள்கிறது. சாராய, சிகரெட் விளம்பரங்கள் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அடியோடு தடை.

உத்தரவாதப்படி பொருள் இல்லாவிட்டால், வாங்கி மூன்று மாதத்துக்குள் இந்த அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். இதை மட்டும் மறக்க வேண்டாம். சபை விசாரித்து, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பற்றுச்சீட்டும் அந்தத் துண்டுப்பிரசுரமும் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும். கடைக்குள் போனதும் துண்டைக் கசக்கி எறிவது எங்கள் பழக்கம், அதை மட்டும் விட்டால் போதும்.

அண்ணை எறியவில்லை. பற்றுச்சீட்டின் திகதியைப் பார்த்தேன், இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. கடிதத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். கீழே அவருடைய பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.