காக்கிங்: இடுக்கடைப்பு

வீட்டு உள்வேலை பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ‘முத்திரையிடும் பொருள்’ என்று ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன். இடுக்கை அடைக்கப் பூசும் களிம்பான சீலன்ட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதைப் பூசி அடைக்கும் வேலைதான் காக்கிங். ‘சீல்’ என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. அதிகாரிகள் ஒரு கடைக்கு சீல் வைத்தால் அது முத்திரை. சுவருக்கும் கதவு நிலைக்கும் நடுவே உள்ள இடுக்கில் யாரும் முத்திரை குத்துவதில்லை.

இந்தப் பிழை போகட்டும், படித்தவுடனே தவறென்று தெரிந்துவிடும். அதே களிம்புக்குப் பெயராக, சரியானதுபோல் உட்கார்ந்திருக்கும் ‘நிரப்பி’தான் எனக்குப் பெரிய கவலை.

முதலில் மூலச் சொல். காக்கிங் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர் லத்தீன் ‘கல்காரே’, அதாவது மிதித்து அழுத்துவது. மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து, மேலே கீல் என்ற தார் பூசித் தண்ணீர் புகாமல் செய்த வேலைக்கு அந்தப் பெயர். அதற்குத் தமிழிலும் ‘கலப்பத்து’ என்ற சொல் இருக்கிறது. போர்த்துகீசிய ‘கலஃபாத்தே’வோடு அதன் ஒலி ஒத்துப்போவதைக் கவனிக்கலாம். நல்ல சொல்தான். ஆனால் சுவரோரப் பட்டைக்கு வெள்ளைக் களிம்பு போடுகிறவரிடம் ‘கலப்பத்து பாருங்கள்’ என்றால் யாருக்கும் புரியாது. புரியாத சொல்லை வைத்துக்கொண்டு தூய்மை பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது ‘நிரப்பி’. தமிழில் எதை நிரப்புகிறோம்? குடத்தை, குழியை, பள்ளத்தை. அடியும் சுற்றும் உள்ள ஒன்றைத்தான் நிரப்ப முடியும். ஓட்டையையும் பொந்தையும் விரிசலையும் அடைக்கிறோம். ஒன்று வெற்றிடத்தைப் போக்குவது, மற்றது வழியை மறிப்பது. மரச்சட்டத்தில் ஆணி இறங்கிய குழியை நிரப்பலாம். சட்டமும் சுவரும் சந்திக்கும் நீண்ட கோட்டை அடைக்கத்தான் வேண்டும். பேச்சிலேயே இருக்கும் இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர்கள் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

சொல் போனால் போகட்டும் என்று விடவும் முடியாது, வேலையும் கெடுகிறது. ‘நிரப்பி’ என்று படித்தவர் அதைப் பெயிண்ட்டுக்கு முன் குழிகளில் பூசும் பட்டி என்றுதான் எடுத்துக்கொள்வார். பட்டி காய்ந்தால் கெட்டியாகும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். ஆணிக்குழிக்கு அதுதான் சரி. ஆனால் மரம் ஈரக்காற்றில் ஊதி, வறண்ட காற்றில் சுருங்கும், அதுவும் ரேகைக்குக் குறுக்கே அதிகமாக. அப்படி அசைகிற இடுக்கில் கெட்டியான பட்டியை வைத்தால் மயிரிழைபோல ஒரு கோடு விழுந்து, மேலே அடித்த பெயிண்ட்டும் சேர்ந்து பிளக்கும். காக்கிங் களிம்பு ரப்பர்போல இழுபட்டுக் கொடுப்பதால் அங்கே தாங்கும். அதே களிம்பை ஆணிக்குழியில் வைத்தால், அக்ரிலிக் வகையில் உள்ள தண்ணீர் ஆவியானதும் நடுவில் உள்வாங்கிவிடும். உப்புத்தாள் போட்டால் தேயாது, திரண்டு உருளும். இவ்வளவு வேறுபட்ட இரண்டு பொருள்களுக்கும் ‘நிரப்பி’ என்ற ஒரே பெயர் என்றால், படிப்பவர் எதை எங்கே வைப்பார்?

‘அடைப்பான்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். வினை சரி. ஆனால் அடைப்பான் என்பது கால்நடைகளுக்கு வரும் ஆந்த்ராக்ஸ் நோயின் பெயர், அதனால் ஒதுக்குகிறேன். ‘சந்து’ பேச்சில் இயல்பாக வரும், ஆனால் ‘ஐ’ சேர்ந்ததும் ‘சந்தை’ ஆகிக் குழப்பும். ‘இடுக்கு’க்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் வேலைக்கு ‘இடுக்கடைப்பு’, பொருளுக்கு ‘இடுக்கடைப்புக் களிம்பு’ என்று வைக்கிறேன். ‘பசை’ வேண்டாம். இரண்டு பொருளை ஒட்டவைப்பதல்ல இதன் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டியூபில் வருவதெல்லாம் ‘சிலிக்கான்’ என்று எழுதுகிறார்கள். சிலிக்கான் என்பது அணு எண் 14 கொண்ட தனிமம், குளியலறை ஓரத்தில் பூசுவது சிலிக்கோன். சாதாரண சிலிக்கோன் மேல் பெயிண்ட் பிடிக்காது. சட்டத்தோரத்துக்கு வேண்டியது பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் களிம்பு. குறிப்பை எழுதுகிறவர் ஒருமுறையாவது டியூபின் மூக்கைச் சாய்வாக வெட்டி, மெல்லிய கோடாகக் களிம்பை இழுத்து, ஈர விரலால் வழித்துப் பார்க்கட்டும். களிம்பு அதிகமானால் விரலின் இரண்டு பக்கமும் பிதுங்கிச் சுவரில் தீற்றும். அதைப் பார்த்த பிறகு ‘இடைவெளிகளைத் தாராளமாக நிரப்பவும்’ என்று எழுதக் கை வராது.