திரும்பும் முடிவைக் கரையிலேயே எடுத்துவிடுங்கள்

“இது எத்தனாவது ரேஸ் டாக்டர்?”

“மூணாவது முடிஞ்சிருச்சு தம்பி.”

தலையாட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அதன் இடது பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். காற்று 22 நாட், அதாவது மணிக்கு நாற்பது கிலோமீட்டர். மீட்புப் படகு அலையில் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு நிமிடம் போயிருக்கும். அதே முகம், அதே குரல். “இது எத்தனாவது ரேஸ் டாக்டர்?”

மறுபடி சொன்னேன். கேட்டுக்கொண்டு எழுந்தான். “சரி, என்னை என் போட்டுல விட்டுருங்க. நாலாவதுக்கு டைம் இருக்கு.”

கேள்வி திரும்பி வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தலையில் அடிபட்டவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டிய மூளைக்குத்தான் அடிபட்டிருக்கிறது, அந்த மூளையோ போகலாம் என்று சொல்லிவிட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் ஃபாயிலிங் பாய்மரப் படகுகளின் போட்டிகளுக்கு மருத்துவராகப் போகிறேன். என் வேலை தையல் போடுவதும் எலும்பு முறிவுக்கு மட்டை கட்டுவதும் என்று பலர் நினைக்கிறார்கள். பலத்த காற்று வீசும் நாளில் என் நேரத்தில் பாதி, “இன்றைக்குப் போதும்” என்று சொல்வதிலும் அதற்குக் கிடைக்கும் வசவை வாங்கிக்கொள்வதிலும் போகிறது.

படகைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் ஒன்றான மோத் வகைப் படகு 3.355 மீட்டர் நீளம், 2.25 மீட்டர் அகலம். பாயோடு சேர்த்தும் எடை ஏறக்குறைய 30 கிலோதான். ஓட்டுபவர் ஒருவர், அவரே படகைவிட இரண்டு மடங்கு கனம். நடுவிலும் சுக்கானின் அடியிலும் தலைகீழ் ‘டி’ வடிவில் இரண்டு ஃபாயில்கள். வேகம் பிடித்ததும் அவை நீருக்குள் விமான இறக்கைபோல் வேலை செய்து படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். முன்மூக்கில் தொங்கும் ஒரு குச்சி அலையைத் தடவிக்கொண்டே போய், படகு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை நடு ஃபாயிலின் பின்பக்கத்தில் அசையும் மடிப்புக்குச் சொல்லும். உயர்ந்தால் மடிப்பு மேலேறித் தூக்குவிசையைக் குறைக்கும், தாழ்ந்தால் கூட்டும். 2005இல் ரோஹன் வீல் இப்படிப் பறந்தே மோத் உலக சாம்பியன் பட்டத்தை வென்றார். அதன்பின் பறக்காத மோத் வெல்வது என்பது பேச்சளவில்கூட இல்லை.

இப்போது காற்றுக்கு வருவோம். 15 நாட்டுக்கும் 21 நாட்டுக்கும் ஆறுதான் வித்தியாசம் என்று மனம் கணக்குப் போடும். பாயின் மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15ஐயும் 21ஐயும் வர்க்கம் எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஃபாயில் தரும் தூக்குவிசைக்கும் அதே விதிதான். சாதாரணப் படகில் காற்று மிஞ்சினால் படகு சாயும், தண்ணீர் ஏறும், மெதுவாகக் கவிழும். ஃபாயில் படகு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அலைப்பள்ளத்தில் ஃபாயில் நீருக்கு வெளியே எட்டிப் பார்த்தால் காற்று அதன் முதுகில் வழிந்து இறங்கிவிடும். தூக்குவிசை அந்த நொடியே போய்விடும். முன்மூக்கு தண்ணீரில் குத்தும். மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போன படகு தன் நீளத்துக்குள் நின்றுவிடும். ஓட்டுபவர் நிற்கமாட்டார். அவர் முன்னால் பறந்து பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பியிலோ, ஓட்டுபவர் உட்காரும் பக்கவாட்டு இறக்கையின் குழாயிலோ, பாய் விரிந்து கிடக்கும் தண்ணீரிலோ விழுவார்.

இது அதிகம் நடக்கும் இடம் எனக்குத் தெரியும். அதனால்தான் என் படகை எப்போதும் காற்றுமுக மிதவைக்குச் சற்றுக் கீழே நிறுத்தச் சொல்வேன். எதிர்க்காற்றில் ஏறி வந்த படகு அங்கேதான் பின்காற்றுக்குத் திரும்புகிறது. திரும்பும்போது பாய்க்குக் காற்று முழுசாகக் கிடைக்கும் ஒரு திசையைக் கடந்தே ஆக வேண்டும். வேகம் எகிறும், அதோடு உயரமும் எகிறும். உடம்பைப் பின்னால் தள்ளி, பாயை விட்டுக்கொடுத்து, அந்த இரண்டு மூன்று நொடியைத் தாண்டிவிட்டால் பிழைத்தீர்கள். தாண்டாதவர்கள் என்னிடம் வருகிறார்கள். (முதலிடத்தில் வருபவரைவிட முப்பதாவது இடத்தில் வருபவர்தான் அங்கே அதிகம் விழுகிறார் என்பது என் கண்ணுக்குப் பட்ட வரையில். கைகள் அதற்குள் ஓய்ந்திருக்கும்.)

ஆனால் விழுவது ஒரு பிரச்சினை, வெட்டுப்படுவது வேறு. ஃபாயிலின் பின்விளிம்பு கார்பன் நாரால் ஆனது. கத்திபோல் மெல்லியது. கவிழ்ந்த படகை நிமிர்த்தும்போது கால் அதில் உரசினால் நியோப்ரீன் என்ற ரப்பர் உடையும் சேர்ந்து கிழியும். ஒருமுறை ஓர் இளைஞர் தானே நீந்தி வந்து என் படகைப் பிடித்துக்கொண்டு, “டாக்டர், முழங்காலுக்குக் கீழே லேசா எரியுது” என்றார். உடையில் ஒரு சிறிய கோடு, அவ்வளவுதான். ரத்தமே தெரியவில்லை. கத்தரியால் உடையை வெட்டித் திறந்தேன். உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் என் காலணி மேல் கொட்டியது. ஈர உடை ரத்தத்தை மறைத்து வைத்திருந்தது. குளிர்ந்த தண்ணீர் வலியை மறைத்திருந்தது. கெண்டைக்கால் தசை தெரிய ஒரு சாண் நீளக் காயம். அதோடு அவர் அதற்கு முன் ஒரு சுற்று முழுக்க ஓட்டியிருக்கிறார்.

ஆகவே, ஈர உடையில் சிறு கிழிசல் தெரிந்தாலும் வெட்டித் திறந்து பாருங்கள். உடை விலை அதிகம் என்று தயங்காதீர்கள். ரத்தம் கொட்டினால் முதலில் அழுத்திப் பிடியுங்கள், விடாமல். பீறிட்டு வந்து, அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின்மேல் படாமல், இறுக்குப் பட்டையைக் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். அது வலிக்கும், வலிக்கிறது என்று தளர்த்தக்கூடாது. கட்டிய நேரத்தை அவர் உடம்பிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். மருத்துவமனைக்குப் போனதும் இரண்டு விஷயம் சொல்ல மறக்கவேண்டாம்: ஒன்று, இது கடல்நீரில் பட்ட காயம். கடல்நீரில் உள்ள கிருமிகள் வேறு, அதற்கேற்ப மருந்து மாறும். இரண்டு, வெட்டியது கார்பன். அதன் சிலாம்பு எக்ஸ்ரேயில் எளிதில் பிடிபடாது. “எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்ல” என்று தைத்து அனுப்பிவிட்டு, மூன்று வாரம் கழித்துச் சீழோடு வந்த கால்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய வீரர்கள் தப்பித்துவிடுவதில்லை. 2013 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டிக்குப் பயிற்சி செய்த ஏசி72 வகைப் படகு கவிழ்ந்து உடைந்தபோது, ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் அதனடியில் சிக்கி இறந்தார். 2015இல் பிரெஞ்சுப் படகோட்டி ஃபிராங்க் கம்மாஸ் பயிற்சியின்போது படகிலிருந்து விழ, சுக்கானில் அடிபட்டுக் கால் முறிந்தது. இருவரும் உச்சியில் இருந்தவர்கள். திறமை விபத்தைக் குறைக்கும், விபத்தின் கனத்தைக் குறைக்காது.

மீட்புப் படகு ஓட்டுபவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஃபாயில் படகு பக்கவாட்டில் கவிழ்ந்து கிடக்கும்போது அந்த ‘டி’க்கள் தண்ணீருக்கு மேலே உங்கள் தலை உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் படகின் குழாயையும் கிழிக்கும், கழுத்தையும் கிழிக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். பாய்மரத்துக்கு மேலேயும் ஓட்டாதீர்கள், ஆள் பாய்க்கடியில் இருக்கலாம். முன்மூக்குப் பக்கமாக வந்து, தள்ளி நின்று, ஆளை உங்களிடம் நீந்தி வரச் சொல்லுங்கள். இழுத்து ஏற்றும்போது என்ஜின் அணைந்திருக்கவேண்டும். என்ஜினை நிறுத்தும் கயிறு உங்கள் காலில் கட்டியிருக்கவேண்டும். முதலில் ஆள், படகு மிதக்கட்டும். இதைச் சொன்னால் படகின் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இனி நான் அதிகம் பயப்படும் விஷயம், களைப்பு. அடிபடுவதைப்போல் அதற்குச் சத்தம் கிடையாது. தண்ணீர் உடல் வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். மிகக் குளிர்ந்த நீருக்கு மீட்புத் துறையில் ஒன்று–பத்து–ஒன்று என்றொரு கணக்கு உண்டு: முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறல், அதை அடக்கவேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பலருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் நினைவில் நிற்கிறது. எனக்கு முக்கியம் அந்தப் பத்து நிமிடம். கை விரல் மடங்காதவரால் கயிற்று முடிச்சை அவிழ்க்க முடியாது, கவிழ்ந்த படகின்மேல் ஏறவும் முடியாது.

வெதுவெதுப்பான கடலிலும் இது நடக்கும், மெதுவாக. ஒவ்வொரு முறை கவிழ்ந்து நிமிர்த்துவதும் முழுபலத்தோடு ஒரு மல்யுத்தம். வியர்வையும் உப்புநீரும் சேர்ந்து தாகத்தை ஏமாற்றும். ஈர உடம்பில் பலத்த காற்று. வாய் குழறுகிறதா, கை தடுமாறுகிறதா, கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வருகிறதா என்றுதான் நான் பார்ப்பேன். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று சிலர் நினைக்கிறார்கள். சூடேறாமலே நடுக்கம் நிற்பதுதான் மோசம்.

“அவ்வளவு காற்றடித்தால் நடத்துபவர்களே நிறுத்திவிடுவார்கள்தானே?” என்று பெற்றோர் கேட்பார்கள். நிறுத்துவார்கள். ‘என்’ கொடியின் கீழே ‘ஏ’ கொடி ஏறினால் அன்றைய போட்டி முடிந்தது. ஆனால் ஏறும்வரை? பாய்மரப் போட்டிகளின் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங்கின் பந்தய விதிகளில் 3ஆம் விதி, கலந்துகொள்வதும் தொடர்வதும் அந்தந்தப் படகின் சொந்தப் பொறுப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. நடத்துபவர்கள் முதல் பத்துப் பேரின் திறமையைப் பார்த்துக் காற்றை எடைபோடக்கூடும். உங்கள் கை எவ்வளவு ஓய்ந்திருக்கிறது என்று அவர்கள் படகிலிருந்து தெரியாது.

அந்தப் பொறுப்பைக் கடலில் வைத்து நிறைவேற்ற முடியாது என்பதுதான் நான் சொல்லவருவது. குளிரும் களைப்பும் அடியும் முதலில் கெடுப்பது தீர்ப்பை. மூன்று முறை கவிழ்ந்தவரிடம் “திரும்பலாமா?” என்று கேட்டால் “இன்னும் ஒரே ஒரு ரேஸ்” என்பார், எப்போதும். ஆகவே காய்ந்த உடம்போடு, வயிறு நிறைந்திருக்கும்போது, கரையில் வைத்தே ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள். இத்தனை நாட்டுக்கு மேல் இறங்கமாட்டேன். இத்தனை முறை கவிழ்ந்தால் திரும்பிவிடுவேன். அதை இன்னொருவரிடம் சொல்லிவையுங்கள், பயிற்சியாளரிடமானால் நல்லது. தலையில் அடி என்றால் எண்ணே கிடையாது: அன்று மறுபடி ஓட்டக்கூடாது. விளையாட்டில் மூளை அதிர்ச்சி பற்றி 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களின் ஒருமித்த கருத்தும் இதுதான். சந்தேகம் என்றாலே உட்காரவைக்கவேண்டும். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுசாகத் தடுக்க முடியாது.

அந்தத் தம்பியை நான் அவன் படகில் விடவில்லை. கரை வரும்வரை திட்டினான். மறுநாள் அவன் பயிற்சியாளர் வந்து, முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு எதுவும் அவனுக்கு ஞாபகத்தில் இல்லை என்றார். என்னைத் திட்டியதும்.

அதே போட்டியில் ஒரு பெண். படகின் இறக்கைக் குழாயில் வெள்ளை டேப் ஒட்டி அதில் ‘3’ என்று எழுதியிருந்தாள். மூன்றாவது முறை கவிழ்ந்தது மிதவைக்குப் பக்கத்தில், என் கண்முன்னே. நிமிர்த்தினாள், டேப்பைப் பார்த்தாள், மிதவையைப் பார்க்காமல் படகைக் கரைப்பக்கம் திருப்பினாள். அப்போது அவள் ஒன்பதாவது இடத்தில் இருந்தாள்.

சாயங்காலம் படகு நிறுத்துமிடத்தில் பார்த்தேன். பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதிது ஒட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ‘2’.

“நாளைக்குக் காத்து இன்னும் கூடுமாம் டாக்டர்” என்றாள்.