விற்காத லிஸ்டிங்கை அழிக்கும் முன் பொருளைக் கையில் எடுங்கள்

"சார், நாலு மாசமா ஒரு லென்ஸ் போட்டிருக்கேன். ஒருத்தர்கூட என்னன்னு கேக்கலை. அழிச்சிட்டுப் புதுசாப் போட்டா மேல வருமா?"

ஆன்லைன் சந்தைகளில் விற்பவர்களின் லிஸ்டிங்குகளை, அதாவது ஒரு பொருளுக்குப் படம், விலை, விவரத்தோடு போடும் விற்பனைப் பக்கங்களை, சரிபார்த்துத் திருத்திக் கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. லென்ஸ் இருக்கும் இடத்தில் கைப்பை வரும், தையல் மெஷின் வரும், பொம்மை வரும். கேள்வி மட்டும் அப்படியே இருக்கும். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் மேலே ஏறிவிடும் என்ற நம்பிக்கை விற்பவர்கள் நடுவே அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அந்தக் கொஞ்சத்தை நம்பி நிறைய இழந்தவர்களைப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உண்மை எவ்வளவு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கைவினைப் பொருள்களுக்குப் பேர்போன எட்ஸி தளத்தில் புதிதாகப் போட்ட லிஸ்டிங்குக்கும் புதுப்பித்த லிஸ்டிங்குக்கும் தேடலில் சின்னதாக ஒரு தூக்கல் கிடைக்கும். அந்தத் தளமே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அது சில மணி நேரத்திலோ சில நாளிலோ வடிந்துவிடும், இதையே வழியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அங்கே ஒரு லிஸ்டிங்கின் ஆயுள் 4 மாதம். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் கட்டணம் உண்டு. தினமும் புதுப்பிக்கிறவர் தினமும் கட்டணம் கட்டுகிறார், அவ்வளவுதான்.

ஈபே என்ற சந்தைத் தளத்தில் தேடினால் இயல்பாக வருவது 'பெஸ்ட் மேட்ச்' என்ற வரிசை. தேடிய சொல்லுக்கு எவ்வளவு பொருந்துகிறது, விலை எப்படி, விவரம் முழுமையா, விற்பவரின் நடத்தை எப்படி என்று பலதையும் கூட்டிப் பார்க்கும் வரிசை அது. வாங்குபவரே 'புதிதாக வந்தவை' என்று மாற்றிக்கொண்டால்தான் தேதிக்கு முதல் இடம். பழைய நாணயம், அஞ்சல்தலை, கேமரா என்று சேகரிப்பவர்களில் பலருக்கு அப்படிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அந்த வகைப் பொருளென்றால் புதிதாகப் போடுவதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் பழைய தவறுகளோடு அப்படியே போட்டால், நான்கு மாதமாகத் தாண்டிப் போனவர்கள் ஐந்தாவது மாதமும் தாண்டித்தான் போவார்கள்.

அந்த லென்ஸுக்கே வருகிறேன். அவர் வைத்திருந்த தலைப்பு இது: 'சூப்பர் பழைய கேமரா லென்ஸ், அரிய வாய்ப்பு, பாருங்க'. ஈபே தலைப்புக்குத் தருவது 80 எழுத்துகள். அதில் பாதியை யாரும் தேடாத சொற்களுக்குக் கொடுத்திருந்தார். 'அரிய வாய்ப்பு' என்று தட்டிப் பொருள் தேடுகிறவர் எங்கே இருக்கிறார்?

லென்ஸைக் கையில் எடுத்து முன்வளையத்தில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். 50 மி.மீ., எஃப்/1.8 என்று படித்தார். பின்பக்கம் என்ன இருக்கிறது என்றேன். மரை இருக்கிறது என்றார். விட்டத்தை அளக்கச் சொன்னேன், 42 மி.மீ. வந்தது. கேமராக்காரர்கள் எம்42 என்று சொல்கிற மவுன்ட் அது; மவுன்ட் என்றால் லென்ஸ் கேமராவோடு பூட்டிக்கொள்ளும் இடம். 39 மி.மீ. மரை வைத்த லென்ஸ்களும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது நேரடியாக உட்காராது. பழைய லென்ஸ் வாங்குகிறவரின் முதல் கேள்வியே 'என் கேமராவில் உட்காருமா' என்பதுதான். அதற்கான பதில் தலைப்பிலும் இல்லை, விவரத்திலும் இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. லிஸ்டிங் படிவத்தில் 'மவுன்ட்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். பலரும் கவனிக்காத இடம் இது. வாங்குபவர் ஃபில்டரில் எம்42 என்று டிக் போட்ட நொடியில், அந்தக் கட்டம் காலியாக உள்ள லிஸ்டிங்குகள் திரையிலிருந்தே போய்விடும். கடைசிப் பக்கம் வரை பொறுமையாகத் தள்ளிப் பார்க்கிறவருக்கும் அகப்படாது. நூறு முறை அழித்துப் போட்டிருந்தாலும் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்வரை எம்42 தேடுகிறவர் கண்ணில் அந்த லென்ஸ் பட்டிருக்காது. அளவு, நிறம், பொருளின் வகை, பிராண்ட், மாடல் எண் என்று படிவம் கேட்பதையெல்லாம் நிரப்புங்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

பிறகு ஒரு டார்ச்சை லென்ஸின் பின்னால் பிடித்து முன்பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. "ஓரத்துல சிலந்தி வலை மாதிரி ஏதோ இருக்கு சார்" என்றார். பூஞ்சை. காற்றோட்டமில்லாத அலமாரியில் நான்கு மாதம் கிடந்ததில் பிடித்திருக்கலாம். அவர் முதலில் எடுத்த படங்களில் கண்ணாடி சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆக, அவர் ஒரு பொய்யும் சொல்லாமலே அவருடைய லிஸ்டிங் பொய்யாகிப் போயிருந்தது. யாராவது வாங்கியிருந்தால் 'விவரித்தபடி இல்லை' என்ற புகாரோடு திரும்பி வந்திருக்கும்.

விற்காத பொருள் சும்மா இருப்பதில்லை. ரப்பர் பிடி பிசுபிசுக்கும், உள்ளே விட்ட பேட்டரி கசியும், வெள்ளைத் துணியின் மடிப்பில் மஞ்சள் ஏறும். அதனால் புதுப்பித்தல் என்று நான் சொன்னால், பொருளை வெளியே எடுத்து இன்றைய நிலையில் புதிதாகப் படம் எடுப்பதிலிருந்துதான் அது தொடங்கும்.

அடுத்தது, எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்ப்பது. தேடலில் எத்தனை முறை தென்பட்டது, எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள், எத்தனை பேர் வாட்ச்லிஸ்ட்டில் (பிறகு பார்க்கக் குறித்துவைக்கும் பட்டியலில்) வைத்தார்கள் என்று விற்பவர் பக்கத்தில் பல தளங்கள் காட்டுகின்றன. தென்படவே இல்லையென்றால் கோளாறு தலைப்பில், டேக்கில் (தேடலுக்காகச் சேர்க்கும் குறிச்சொல்லில்), காலிக் கட்டங்களில் இருக்கும், அல்லது தவறான பிரிவில் போட்டிருப்பீர்கள். எட்ஸியில் 13 டேக் தருகிறார்கள், ஒவ்வொன்றும் 20 எழுத்து வரை. பாதியைக் காலியாக விட்டுவிட்டு 'யாரும் பார்க்கவில்லை' என்று வருந்துபவர்கள் உண்டு. தென்படுகிறது, ஆனால் யாரும் திறக்கவில்லையென்றால் முதல் படத்தைப் பாருங்கள். கைபேசித் திரையில் கட்டைவிரல் நகம் அளவில் அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். திறக்கிறார்கள், வாங்கவில்லையென்றால் விலை, அனுப்பும் செலவு, திரும்பப் பெறும் விதி, சொல்லாமல் விட்ட விவரம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தடுக்கிறது.

விலைக்கு ஒரு வார்த்தை. மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து உங்கள் விலையை வைக்காதீர்கள். அவர்களுடையதும் விற்காமல் கிடக்கலாம். ஈபேயில் 'விற்றவை' என்ற ஃபில்டரைப் போட்டால் கடந்த 90 நாட்களுக்குள் கைமாறிய விலை தெரியும். நான் நம்புவது அதைத்தான்.

சரி, அழிக்கலாமா? உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பொருளா, அதே பொருளில் பல உருப்படிகளா என்பதைப் பொறுத்தது அது. ஒரே உருப்படி, மாதக்கணக்கில் விற்கவில்லையென்றால் அந்த லிஸ்டிங்குக்குக் காப்பாற்றிக்கொள்ளும்படியான வரலாறு எதுவும் இல்லை. ஈபேயில் ஒவ்வொரு லிஸ்டிங்குக்கும் ஒரு எண் உண்டு; பழையதை முடித்துவிட்டு, அதன் விவரங்களை நகலெடுத்துக் கொடுக்கும் 'செல் சிமிலர்' வசதி மூலம் புது எண்ணில் போடலாம். முடிக்கும் முன் ஒரு வேலை பாக்கி: வாட்ச்லிஸ்ட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை விலை அனுப்பிப் பாருங்கள். அவர்கள் பழைய எண்ணோடு இருப்பவர்கள்; புது எண்ணுக்குக் கூடவே வர மாட்டார்கள்.

பல உருப்படிகள் உள்ள லிஸ்டிங் வேறு கதை. அது முன்பு 40 விற்று இப்போது தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்த 40 விற்பனையும் அந்த எண்ணோடுதான் ஒட்டியிருக்கிறது. என்னிடம் வந்த ஒருவர் இரண்டு மாத மந்தத்தைப் பொறுக்க முடியாமல் ஒரே இரவில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டிருந்தார். வெளித் தேடுபொறிகளில் வந்துகொண்டிருந்த பழைய இணைப்புகளும் அதோடு பயனற்றுப் போயின. அவருக்கு நான் செய்துகொடுக்க முடிந்தது குறைவு. அந்த மாதிரி லிஸ்டிங்கை உள்ளிருந்தே திருத்துங்கள்: படத்தை மாற்றுங்கள், தலைப்பைச் சீராக்குங்கள், விவரம் சேருங்கள். அமேசானில் இது இன்னும் கண்டிப்பு. வாங்கியவர்களின் கருத்துகள் பொருள் பக்கத்தோடு சேர்ந்தவை; ஏற்கெனவே உள்ள பொருளுக்கு இன்னொரு பக்கம் உண்டாக்குவது விதிமீறல்.

பழையதை வைத்துக்கொண்டே அதே பொருளை இன்னொரு முறை போட்டுவிடலாம் என்று சிலர் குறுக்குவழி தேடுவார்கள். ஒரே பொருளுக்கு ஒரே விற்பனையாளர் இரட்டை லிஸ்டிங் போடுவதை ஈபே அனுமதிப்பதில்லை. விற்பனை வரலாற்றைக் காப்பாற்றுவதற்காகப் பழைய லிஸ்டிங்கில் முற்றிலும் வேறு பொருளை மாற்றி வைப்பதும் கூடாது. உங்கள் பொருளுக்குச் சம்பந்தமில்லாத பெரிய பிராண்டின் பெயரைத் தலைப்பில் 'அது மாதிரி' என்று சேர்ப்பதும் அப்படித்தான்.

தானாகப் புதுப்பித்தலிலும் ஒரு ஆபத்து உண்டு. ஈபேயில் நிலையான விலை லிஸ்டிங் விற்கும்வரை அல்லது நீங்கள் முடிக்கும்வரை மாதாமாதம் தானே புதுப்பித்துக்கொள்ளும். நீங்கள் அதை மறந்திருப்பீர்கள். பொருளை உறவினருக்குக் கொடுத்திருப்பீர்கள். திடீரென்று ஒரு நாள் ஆர்டர் வந்து நிற்கும். கையிருப்பு இல்லையென்று ரத்து செய்தால் அது உங்கள் கணக்கின் மேல் கறையாக விழும், மற்ற லிஸ்டிங்குகளையும் இழுக்கும். மாதம் ஒருமுறை, கணினியில் உள்ள பட்டியலோடு அலமாரிக்கு முன் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

கடைசியாக, உங்களுக்கு வரும் சில செய்திகளைப் பற்றி. 'உங்கள் லிஸ்டிங் எல்லாவற்றையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம், கணக்கின் பாஸ்வேர்டு மட்டும் கொடுங்கள்' என்று வரும். கொடுக்காதீர்கள். முதல் பக்கத்துக்கு உத்தரவாதம் தர வெளியார் எவராலும் முடியாது. நல்ல பெயர் வாங்கிய விற்பனையாளர் கணக்குதான் மோசடிக்காரர்களுக்கு வேண்டியது. கையில் இல்லவே இல்லாத பொருளை உங்கள் பெயரில் விற்றுக் காசு பறித்துவிட்டுப் போய்விடுவார்கள். வாங்கியவர்கள் உங்களைத்தான் தேடி வருவார்கள். முறையான உதவியாளரென்றால் தளமே தரும் அனுமதி வசதி வழியாக, தேவையான அளவுக்கு மட்டும் உள்ளே விடலாம்.

லென்ஸ்காரர் பழைய லிஸ்டிங்கை முடித்துவிட்டு, எம்42, 50 மி.மீ., எஃப்/1.8 என்று தலைப்பு வைத்துப் புதிதாகப் போட்டார். கட்டங்கள் எல்லாம் நிரம்பின. விலையைக் குறைத்தார். டார்ச் வெளிச்சத்தில் பூஞ்சை தெரிகிற படத்தை இரண்டாவதாகவே வைத்தார். எனக்கே அந்தத் துணிவு வந்திருக்குமா தெரியாது, நான் நான்காவதாக வைக்கத்தான் சொல்லியிருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு செய்தி வந்தது: "பூஞ்சை முன் கண்ணாடியிலா, பின் கண்ணாடியிலா?" முன்பக்கம், ஓரத்தில் மட்டும் என்று பதில் எழுதி இன்னொரு படமும் அனுப்பினார். அன்று மாலையே லென்ஸ் விற்றது.